18 வாங்கிய குவாட்டர்பேக்

2023 ஏப்ரலில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் டிராஃப்ட் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நெருங்கிய நேரத்தில் சில எண்கள் கசிந்தன. மில்லிநொடிக் கணக்கில் கண்ணையும் முடிவெடுக்கும் வேகத்தையும் அளக்கும் எஸ்-2 சோதனையில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சி.ஜே. ஸ்ட்ரவுட் 18-ஆம் சதமானத்தில் இருக்கிறார், அலபாமாவின் பிரைஸ் யங் 98-இல் இருக்கிறார் என்றது செய்தி. நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஸ்ட்ரவுட்டைவிட மேல் என்று பொருள். அந்த எண்களில் எல்லாமே சரியல்ல என்று சோதனையை நடத்தியவர்களே பின்னர் சொன்னார்கள். அதற்குள் பையனுக்குத் தலை மந்தம் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

உளச் சோதனைகள் நடத்துவது என் தொழில். அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் முதலில் கேட்பது "எவ்வளவு வந்தது?" என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது வேறு. முந்தைய இரவு தூங்கினானா? பாதியில் சலித்துப்போய்க் கைக்கு வந்த பொத்தானை அழுத்தினானா? இந்தச் சோதனை எதற்கு என்று யாராவது அவனிடம் சொன்னார்களா? உயர்ந்த மதிப்பெண் தற்செயலாக வருவது அரிது. தாழ்ந்த மதிப்பெண்ணுக்கோ காரணங்கள் பல. திறமைக் குறைவு அவற்றில் ஒன்று மட்டுமே.

ஸ்ட்ரவுட் விஷயத்தில் வேறு சான்றும் கண்ணெதிரே இருந்தது. 2022-இன் கடைசி நாளில் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் 348 கெஜம், நான்கு டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளிகள்) எறிந்தார். அணி 42-41 என்று தோற்றது. ஜார்ஜியா அந்த ஆண்டின் சாம்பியன். களத்தை வாசிக்கத் தெரியாதவர் அந்தத் தடுப்பாட்டத்தின் முன் அப்படி ஆடியிருக்க முடியுமா? ஹூஸ்டன் அணி அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் ஆண்டிலேயே 4,108 கெஜம், 23 டச்டவுன்கள். பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது ஐந்தே முறை. சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதும் அவருக்கே.

இது புதிய கதையும் அல்ல. 12 நிமிடங்களில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் என்ற அறிவுத்திறன் தேர்வைப் பல பத்தாண்டுகள் நடத்திய லீக், 2022-இல் அதைக் கைவிட்டது. அதில் புகழ்பெற்ற குவாட்டர்பேக் டான் மரினோ பதினைந்தை ஒட்டித்தான் எடுத்தார் என்று சொல்வார்கள். 1984-இல் அவர் எறிந்தது 5,084 கெஜம். ஹார்வர்டில் படித்த குவாட்டர்பேக் ரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் 48 எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. பதினேழு பருவங்கள் ஆடியும் பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றிலும் அவர் களமிறங்கவில்லை. டிராஃப்ட் வரிசையை இந்த மதிப்பெண் அசைத்தாலும் பிந்தைய ஆட்டத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று குவாட்டர்பேக்குகளைப் பற்றிய பொருளாதார ஆய்வொன்று 2011-இல் காட்டியது.

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதுமா? அதிலும் சறுக்கல் உண்டு. யங்கின் முதல் ஆண்டில் அவருடைய கரோலினா அணி இரண்டே ஆட்டங்களில் வென்றது. பந்தை எறியுமுன்பே அவர் 62 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். முன்னால் நின்று காக்க வேண்டிய சுவர் இடிந்து விழும்போது 98 என்ன செய்யும்? மறு ஆண்டு இரண்டே ஆட்டங்களுக்குப் பின் உட்கார வைக்கப்பட்டு, பிறகு திரும்பி வந்து நன்றாகவே ஆடினார். அதே ஆண்டு ஸ்ட்ரவுட் 12 முறை பந்தைப் பறிகொடுத்தார். ஒரு பருவமும் ஒருவகையில் ஒரு சோதனைதான். அதையும் சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் வேறொன்றில். இருபத்தொரு வயதுப் பையனின் சோதனைத் தாள் ஊர் முழுக்கப் போனது. என் அறையிலிருந்து அப்படி ஒரு தாள் வெளியேறினால் நான் விளக்கம் சொல்லியாக வேண்டும். அங்கே விளக்கம் கேட்கப்பட்டது ஸ்ட்ரவுட்டிடம்.