விதி தளர்ந்தால் போதுமா? வரும் பணத்துக்குப் பொறுமை இருக்கிறதா?

தனியார் நிறுவனங்களின் முதலீட்டு ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்ப்பது என் தொழில். முதலீட்டு விதி எங்காவது தளர்ந்தால் போதும், இனி புதுக் கண்டுபிடிப்புகள் குவியும் என்று பேச்சு கிளம்பிவிடும். குவிந்ததும் உண்டு, அதை மறுக்கவில்லை.

அமெரிக்காவில் 1974இல் வந்த ஓய்வூதியச் சட்டம், நிதியை நிர்வகிப்பவர் விவேகத்தோடு முதலீடு செய்ய வேண்டும் என்றது. புது நிறுவனத்தில் போட்டுப் பணம் போனால் வழக்கு வருமோ என்று பலர் அந்தப் பக்கமே போகவில்லை. 1979இல் தொழிலாளர் துறை ஒரு விளக்கம் தந்தது: ஒவ்வொரு முதலீட்டையும் தனியாகப் பார்க்க மாட்டோம், மொத்தத் தொகுப்பில் அதன் இடத்தைப் பார்ப்போம். அப்புறம் ஓய்வூதியப் பணம் வென்ச்சர் கேப்பிட்டலுக்குள், அதாவது புது நிறுவனங்களில் பங்கு வாங்கும் துணிகர முதலீட்டு நிதிகளுக்குள், பாய்ந்தது. இந்த மாற்றத்தை வைத்துக் கோர்ட்டம், லெர்னர் என்ற பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் ஒரு டாலரைவிட, வென்ச்சர் கேப்பிட்டல் டாலர் ஏறத்தாழ மூன்று மடங்கு பேட்டன்டுகளுக்கு வழிசெய்தது என்பது அவர்கள் கண்டது.

ஆனால் அது அவசரமில்லாத பணம். ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய நாள் வெகு தூரத்தில் இருந்தது. இப்போது என் மேசைக்கு வரும் டேர்ம் ஷீட்டுகளில், அதாவது முதலீட்டு நிபந்தனைகளின் முன்வரைவுகளில், நிறுவனர்கள் மாய்ந்து மாய்ந்து பேரம் பேசுவது நிறுவனத்துக்கு என்ன விலை போடுவது என்ற மதிப்பீட்டைப் பற்றித்தான். பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: நான்காம் ஆண்டு முடிவில் முதலீட்டாளர் கேட்டால் பங்குகளை நிறுவனமே திரும்ப வாங்க வேண்டும். அடுத்த தவணைப் பணமும் வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும், சோதனை முடிவோடு அல்ல. புது மூலப்பொருளை உருவாக்கும் நிறுவனத்துக்கு ஆய்வகம், முன்மாதிரி, சான்றிதழ் என்று ஆறேழு வருடம் சாதாரணமாகப் போகும். நான்கு வருடத்தில் அது முடியாது என்பதால், கையெழுத்துப் போட்ட மறுமாதமே நிறுவனர்கள் ஆராய்ச்சிக் குழுவைச் சுருக்கி, உடனே விற்கக்கூடியதைச் செய்ய ஆரம்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, பங்குச் சந்தைக்குப் போனால் தீருமா? அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த நிதித்துறை ஆய்வாளர் பெர்ன்ஸ்டீன், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பிறகு நிறுவனத்துக்குள் பிறக்கும் கண்டுபிடிப்புகளின் தரம் குறைவதையும், திறமையான ஆய்வாளர்கள் வெளியேறுவதையும் காட்டினார். பட்டியலிட்ட நிறுவனங்கள் வெளியில் உருவான கண்டுபிடிப்புகளை விலைக்கு வாங்குகின்றன என்பதும் அதே ஆய்வில் உண்டு.

கையெழுத்துக்கு முன் ஆராய்ச்சிக் கால அட்டவணையையும் முதலீட்டாளர் வெளியேறும் தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி முந்தினால், மதிப்பீட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். ஒப்புக்கொள்கிற முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். கேட்கிற நிறுவனர்கள்தான் குறைவு.