எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸைத் தட்டிப் பாருங்கள்

சென்ற மாதம் பண்ருட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கடலூரில் உள்ள எங்கள் பட்டறைக்குத் தன் அப்பாவின் பழைய டாடாமொபைல் பிக்கப்பைக் கொண்டுவந்தார். 1988ல் டாடா சாலைக்கு விட்ட ரகம் அது. சீசனுக்குப் பலாப்பழம், நடுவில் சில வருடம் முதுநகர் துறைமுகத்தில் மீன் லோடு என்று உழைத்த வண்டி. “அண்ணே, சென்னை புதுப்பேட்டையில ஒரு காமன் ரெயில் எஞ்சின் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துட்டேன். மாட்டிக் கொடுத்துடுங்க” என்றார். காமன் ரெயில் என்றால், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்றைய எஞ்சின். முதலில் வண்டியைப் பிட்டில் ஏற்றச் சொன்னேன்.

மீன் வண்டியின் சேஸுக்கு, அதாவது மொத்த வண்டியையும் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு எமன், ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பென்றால் ‘ணங்’ என்று கேட்கும். இங்கே ‘பொத்’ என்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்பளம் போலத் துரு உதிர்ந்து, முனை உள்ளே போய்விட்டது. தம்பியின் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து அவரையே குத்திப் பார்க்கச் சொன்னேன். நான்கு இடத்தில் இறங்கியது.

இந்தச் சேஸில் புது எஞ்சினை ஏற்றினால் என்ன ஆகும்? பழைய எஞ்சின் இரண்டு லிட்டருக்கும் குறைவு, டர்போ கிடையாது. இன்றைய டர்போ டீசலின் இழுவை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். அந்த முறுக்கு முழுவதும் கியர் பாக்ஸ், ஜாயின்ட், கிரவுன் பினியன், ஆக்சில் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அந்தத் துருப்பிடித்த பிராக்கெட்டில்தான் விழும். கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் சாய்வும் மாறும். அதை லேத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அறுபதைத் தாண்டும்போதே வண்டி உதறும்.

அப்புறம் பிரேக். வேகம் 60லிருந்து 90க்கு ஏறினால் ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கிறோம். பிரேக் தாங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90ல் போவது புது எஞ்சினுக்குப் பெரிய காரியமே இல்லை. நிறுத்த வேண்டியது அந்தப் பழைய பிரேக்குகள்தான். இன்னொன்று, பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) வேண்டும். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்பு அதைக் கொடுக்கும். எஞ்சினை மாற்றி, அந்தக் குழாயை இணைக்காமல் விட்டுவிட்டால் பெடல் கல்லாக இருக்கும். வேறு ஊரில் எஞ்சின் மாற்றி எங்களிடம் வந்த ஒரு வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

மெக்கானிக் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே, டீசலைப் பீய்ச்சும் நாசிலின் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது நம் தொழிலில் பழைய பழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன். பழைய எஞ்சினில் நாசில் சில நூறு பார் அழுத்தத்துக்குள் திறந்துவிடும். காமன் ரெயிலில் 1,600 பார் வரையும் அதற்கு மேலும் ஏறும். ஊசி நுனியளவு பீய்ச்சலே தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடலாம். ஓடும் காமன் ரெயில் எஞ்சினில் எந்த நட்டிலும் கை வைக்காதீர்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டையைக் காட்டிப் பாருங்கள். மேலே பட்டுவிட்டால், எவ்வளவு சின்னக் காயமானாலும் டீசல் பீய்ச்சியது என்று சொல்லி உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எஞ்சின் மட்டும் வாங்குவதும் பாதி வேலைதான். அந்த எஞ்சினின் இசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), முழு ஒயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாதக்கணக்கில் அலைச்சல். இசிஎம்மை சீட்டுக்கு அடியில் தரையோடு போல்ட் போடுகிறார்கள். நம் ஊருக்கு அது ஆகாது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தது. இசிஎம் இல்லாத பழைய பம்பு எஞ்சின் வண்டிகளில் பலதை ஆயில் மாற்றி, காயவைத்து, டீசல் குழாயில் ஏர் எடுத்து ஓட்டிவிட்டோம். தண்ணீரில் முழுகிய இசிஎம்களைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருந்தது.

இனி பேப்பர். “பாண்டிச்சேரி நம்பர் அண்ணே, யாரும் கேக்க மாட்டாங்க” என்பார்கள். டி.என்.31 ஆகட்டும், பி.ஒய்.01 ஆகட்டும், சட்டம் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்து, எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல்தான். அதே ரக எஞ்சினைப் போடுவதாக இருந்தாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பில் இல்லாத எஞ்சினை நாங்கள் பட்டறைக்குள் இறக்க விடுவதில்லை. எந்தத் திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதோ, யாருக்குத் தெரியும்?

தம்பியின் முகம் வாடிவிட்டது. அப்பா ஓட்டிய வண்டி, அது நெடுஞ்சாலையில் பின்தங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. எனக்கும் புரிகிறது. சரி, பழைய எஞ்சினையே இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), புது பிஸ்டன் போட்டு, பம்பையும் நாசிலையும் காலிபரேஷன் செய்தால் அந்த வண்டி எண்பதில் சுகமாக ஓடும் என்றேன். அட்வான்ஸ் பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. இப்போது வண்டி எங்கள் பட்டறையில்தான் நிற்கிறது. பாடியைத் தூக்கிவிட்டோம், துருப்பிடித்த பகுதியை வெட்டியாகிவிட்டது, புதுத் தகடு வந்திருக்கிறது. திங்கட்கிழமை வெல்டிங்.