பீரோவைத் துடைக்காதீங்கம்மா!

ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் ஒரு சரித்திரத் துப்பறியும் நாவல் வாங்கித் தந்தாள். லண்டன் போலீஸில் 1842இல் எட்டே பேரோடு தொடங்கிய துப்பறியும் பிரிவுதான் களம். பாதி ராத்திரி வரை கீழே வைக்க முடியவில்லை. ஆனால் கைரேகைப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு ஒரு ஆதங்கம். கொலைகாரன் தொட்ட கண்ணாடிக் கோப்பை மேசையிலேயே இருக்கிறது, நாயகன் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். பாவம், அவன் என்ன செய்வான்! லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்ததே 1901இல்தான்.

கல்கத்தா அதற்கு முன்பே, 1897இல், முந்திக்கொண்டது. ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து அடுக்கும் முறைக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. அந்தக் காலகட்டத்திலேயே வங்காளத்து ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையானார். அங்கே கிடந்த வங்காளிப் பஞ்சாங்கத்தில் ஒரு கட்டைவிரல் கறை. அதை வைத்து அவருடைய பழைய வேலைக்காரன் சிக்கினான். கோர்ட் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்கு இல்லை.

சரி, மேற்கு மாம்பலத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகை போய்விட்டது. நாங்கள் போனபோது வீடெங்கும் பினாயில் வாசனை. “திருடன் மிதிச்ச வீடு சார், அப்படியே விட மனசு வரலை” என்றார் அந்த அம்மா. பீரோவை ஈரத்துணியால் துடைத்துக் குங்குமமும் வைத்தாயிற்று. பவுடர் தூவி பிரஷை ஓட்டினால், துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களின் ரேகைகள்தான் எழும்பின.

திருடன் பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி, சன்ஷேடில் அழகாக அடுக்கியிருந்தான். வெளியே இருந்ததால் துடைப்பவர்கள் கண்ணில் படவில்லை. ஒரு கண்ணாடியின் இந்தப் பக்கம் கட்டைவிரல், அந்தப் பக்கம் மூன்று விரல். அந்த வழக்கில் கிடைத்தது அவ்வளவுதான்.

ஊரிலிருந்து திரும்புகிறீர்கள், பூட்டு உடைந்திருக்கிறது. உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் உள்ளேயே இருக்கலாம். வெளியே நின்று 100க்குப் போன் போடுங்கள். போலீஸ் வரும்வரை அக்கம்பக்கத்தாரையும் வாசலோடு நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு சிசிடிவி பதிவை அன்றைக்கே கேட்டு வையுங்கள். விட்டால் பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும்.

அப்புறம், வீட்டில் உள்ளவர்களின் ரேகையையும் எடுப்போம். சந்தேகத்தில் இல்லை, உங்களுடையதைக் கழித்தால்தான் மிச்சம் யாருடையது என்று தெரியும். மாம்பலத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மை அப்பிய பத்து விரலையும் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “ஊருக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்தவனைக் கடைசியில கைநாட்டு ஆக்கிட்டீங்களேப்பா!”