மஞ்சளுக்கெல்லாம் யூரியாவா?

ஒரு மார்கழி மாதக் காலையில், எங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் வாசற்படியில் ஒரு பெரியவர் காத்திருந்தார். அவர் கையிலிருந்த துணிப்பையில் மூன்று காலி மருந்துக் குப்பிகளும், கசங்கிய கடைச் சீட்டு ஒன்றும், வைக்கோலைப் போலக் காய்ந்த ஒரு பிடி நெற்பயிரும் இருந்தன. "வட்டம் வட்டமா புகைஞ்சு போச்சும்மா, இதுக்கு வேற மருந்து ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார். மருந்து எழுதிக் கொடுக்கும் கட்டத்தை அந்த வயல் கடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பருவத்தில் இதே கதையுடன் வந்தவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை நான் அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். நெற்பயிர் மஞ்சளானால் உடனே யூரியா விடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய நிலம் இரண்டு ஏக்கர். அவர் கணக்கில் ஆறு மா. ரகம் பி.பி.டி. 5204. புரட்டாசிக் கடைசியில் நடவு முடிந்து, ஐப்பசியில் அடைமழை பிடித்து, வடிகால் வாய்க்கால் நிரம்பி, வயலில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றிருக்கிறது. பயிர் வெளுத்தது. அடியுரமாக ஏக்கருக்கு தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டி.ஏ.பி. உரத்தில் ஒரு மூட்டை போட்டிருந்த அவர், வெளுத்ததைக் கண்டதும் இரண்டு மூட்டை யூரியாவைக் குருணை மருந்துடன் கலந்து விட்டார். பத்து நாள் பார்த்துவிட்டு, "பக்கத்து வயல் மாதிரி நிறம் கட்டல" என்று இன்னும் இரண்டு மூட்டை. பிறகு வழக்கமான மேலுரம் என்று இரண்டு. அதன் பிறகும் மனம் ஆறாமல் மூன்று. ஆக ஒன்பது மூட்டை. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) என்று கணக்கிட்டால், டி.ஏ.பி.யில் வந்ததையும் சேர்த்து ஏக்கருக்கு 100 கிலோவைத் தாண்டுகிறது. டெல்டாவில் மத்திய, நீண்டகால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. அதையும் அடியுரமாக, தூர் கட்டும்போது (பக்கக் கிளைகள் விடும்போது), கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நான்காகப் பிரித்துத்தான் இட வேண்டும்.

இதற்குப் பின் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பயிர் கரும்பச்சை கட்டியது, இலைச்சுருட்டுப்புழு வந்தது, கடையிலிருந்து ஒரு பூச்சிமருந்தும் ஒரு பூசணமருந்தும் ஒரு டானிக்கும் சேர்ந்து ஒரே டேங்கில் இறங்கின. குப்பியின் மேலிருந்த பெயரைப் படித்தேன். அது செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து. இரண்டு முறை அடித்திருக்கிறார். மூன்று வாரத்தில் புகையான் வந்தது, அடித்தண்டில் சாறு உறிஞ்சிப் பயிரை வட்டம் வட்டமாகக் காயவைக்கும் பூச்சி.

இந்தச் சங்கிலியில் எல்லோரும் கடைசிக் கண்ணியைத்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள். புகையானுக்கு மருந்து எது என்பதே அவர்கள் கேள்வி. எனக்கோ முதல் கண்ணியின் மீதுதான் ஆத்திரம். பயிர் மஞ்சளாகத் தெரிந்தால் யூரியா விட வேண்டும் என்ற பாடத்தை இவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது? 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால், அதைத் தலைவலி மாத்திரை போல் நினைக்கிறோமா?

நெற்பயிர் மஞ்சளாவதற்கு எனக்குத் தெரிந்தே ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றுள் யூரியாவால் தீருவது ஒன்றே ஒன்று. நட்ட முதல் வாரம் பத்து நாள் வரை நாற்று வெளிறித்தான் நிற்கும். வேர் அறுபட்டு வேறு மண்ணுக்கு வந்த பயிர் பச்சை பிடிக்க அத்தனை நாள் எடுக்கும். அப்போது உரத்தை உறிஞ்ச அதற்கு வேரே கிடையாது. அந்த நேரத்தில் விடும் யூரியா தண்ணீரோடு போகிறது அல்லது காற்றோடு போகிறது. கதிர் முற்றும் காலத்தில் அடி இலைகள் பழுப்பதும் இயல்பு. இந்த இரண்டுக்கும் மூட்டை தூக்கி வருகிறவர்களைப் பார்த்து நான் கோபிப்பதில்லை, சிரித்துவிடுவேன். மற்றவைதான் விபரீதம்.

பெரியவரின் வயலில் நடந்தது வேர் மூச்சுத் திணறல். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை, வேர் கறுத்துவிட்டது. இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் நெற்கொத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வெள்ளையாகவோ செம்பழுப்புப் பூச்சுடனோ இருந்தால் வேர் நலமாக இருக்கிறது. கறுத்து, மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தண்ணீரை வடித்து மண்ணில் மயிர்க்கோடாக வெடிப்பு விழும்வரை காயவிடுவதுதான் வைத்தியம். செலவு, ஒரு மண்வெட்டி பிடிக்கிற நேரம். வடிகால் நிரம்பி வழியும்போது எப்படி வடிப்பது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். வடிக்க வழி பிறக்கும் வரை சும்மா இருங்கள் என்பதே என் பதில். சும்மா இருப்பதும் ஒரு சாகுபடிக் குறிப்புதான், அதை எந்தத் துண்டறிக்கையிலும் அச்சிட முடியாதது எங்கள் துரதிர்ஷ்டம்.

நட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளுத்து, இலைப்பரப்பில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தெரிந்து, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் அது துத்தநாகக் குறைபாடு. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து நடவுக்கு முன்பே தூவியிருந்தால் இது வந்திருக்காது. வந்த பிறகு 0.5 விழுக்காடு துத்தநாக சல்பேட்டுடன் 1 விழுக்காடு யூரியா கலந்து இலைவழி தெளிக்கலாம். துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலந்து வீசுகிறவர்கள் இரண்டையும் வீணாக்குகிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

நுனியிலிருந்து இலையின் ஓரம் வழியாக அலை அலையாக மஞ்சள் இறங்கினால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கலாம். மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டு இலையை வெட்டிக் கண்ணாடித் தம்ளர்த் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை கசிந்தால் நோய் உறுதி. இந்த வயலுக்கு யூரியா விடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதே. மேலுரத்தை நிறுத்துங்கள், 20 விழுக்காடு புதுச் சாணக் கரைசலை வடிகட்டிப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளியுங்கள், அந்த வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் மடையை அடைத்துவிடுங்கள். வயல் விட்டு வயல் பாயும் நம் பாசனத்தில் இந்நோய் தண்ணீரோடுதான் பயணம் செய்கிறது. துங்ரோ நச்சுயிரி தாக்கிய பயிரும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகக் குட்டை தட்டி நிற்கும். அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. அதற்கும் யூரியாதான் விட்டிருக்கிறார்கள், நான் பார்த்த வயல்களில்.

அப்படியானால் உண்மையான தழைச்சத்துக் குறைபாடு எப்படி இருக்கும்? அடி இலைகள் முதலில், ஒரே சீராக, வயல் முழுக்க வெளிறும். இதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்யக் கூடாது என்பதற்காகவே பச்சையின் படிகளை எண்ணிட்டுக் காட்டும் இலை வண்ண அட்டை என்ற ஒன்று இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், உங்கள் நிழல் இலை மேல் விழும்படி நின்றுகொண்டு, மேலிருந்து மூன்றாவது இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்துக் குத்துகளில் ஆறோ அதற்கு மேலோ நான்காம் எண் நிறத்தைவிட வெளிறியிருந்தால் யூரியா விடலாம்; வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் மூன்றாம் எண்ணே அளவுகோல். பொன்னி இயல்பிலேயே இளம்பச்சை. அதைப் பக்கத்து வயலின் சி.ஆர். 1009 ரகத்தின் நிறத்துக்குக் கொண்டுவர முயல்வது, மாநிறப் பிள்ளைக்குப் பவுடர் பூசிக்கொண்டே இருப்பதைப் போன்றது. வரப்பில் நின்று அடுத்தவர் வயலின் பச்சையைப் பார்த்து உரம் விடும் வழக்கம் ஒழிந்தால், என் வேலையில் பாதி குறையும்.

புகையானைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். தழைச்சத்து மிகுந்த, நெருங்கிய, ஈரம் காயாத பயிரின் அடித்தண்டு அதற்கு விருந்துக் கூடம். வயலில் இருக்கும் சிலந்திகளும், புகையான் முட்டையைக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். பைரித்ராய்டு அடித்தால் சாவது இவைதான்; இலையுறைக்குள் செருகப்பட்ட புகையான் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. காவல்காரர்களைக் கொன்றுவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறோம். இந்தோனேசியாவில் இதே பாடத்தை ஒரு நாடே கற்க வேண்டியிருந்தது: மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதைக் கண்டு, 1986இல் அந்நாட்டு அதிபரின் ஆணையால் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் இன்னும் இலைச்சுருட்டுக்குப் பைரித்ராய்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம். நட்ட முதல் 30 நாளில் இலை தின்னும் புழுக்களுக்கு மருந்தே தேவையில்லை, பயிர் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நடவுக்குக் கடன், அறுவடைக்குப் பின் பணம் என்று உரமும் மருந்தும் தருகிறவர் அவர். ராத்திரி எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கிறது. எங்கள் துறையில் 1980களில் பயிற்சி, பார்வையிடல் முறை நடந்தபோது, இந்தக் கிழமை இந்த ஊர் என்று அலுவலர் வரப்பில் நிற்பது உறுதியாக இருந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இன்று ஓர் உதவி வேளாண்மை அலுவலரின் தலையில் பல கிராமங்களும், மானியப் பதிவும், பயிர்க் காப்பீட்டுக் கணக்கும், விதை இருப்பும் ஒன்றாக ஏறியிருக்கின்றன. மக்கள் எங்கள் அலுவலகத்தை விதை மானியத்துக்குச் சிட்டா, அடங்கல் கொடுக்கும் இடமாகவே அறிந்திருப்பதற்கு நாங்களும் ஒரு காரணம். ஆனால் எங்கள் படிப்பு பயிரைப் பற்றியது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குச் சிட்டா தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. மஞ்சளைக் கண்ட அன்றே கடைக்குப் போகாதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள், பிறகு அடி இலையா நுனி இலையா என்று பாருங்கள், பிறகு என்னிடம் வாருங்கள். மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்காதீர்கள். மூன்றில் எது வேலை செய்தது, எது பயிரைக் கருக்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. குப்பியின் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். இடம் வீணாகிறது என்று வாதாடாதீர்கள், காற்றும் வெயிலும் அடித்தண்டுக்குப் போகும் வழி அதுதான். கதிர் வரும் பருவத்தில் வாரம் ஒரு முறை வயலுக்குள் இறங்கிப் பயிரை விலக்கி அடித்தூரைப் பாருங்கள். வரப்பில் நின்றால் புகையான் தெரியாது, புகைந்த பிறகுதான் தெரியும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி என்பதே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. அப்போதும் தண்ணீரை வடித்துவிட்டு, தெளிப்பு முனையை அடித்தண்டுக்குத் திருப்பித்தான் அடிக்க வேண்டும்.

மாதிரி கொண்டுவருவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் மடித்து வராதீர்கள். அது என்னிடம் வரும்போது வெற்றிலைச் சருகாகிவிடுகிறது. பாதித்த பகுதியின் ஓரத்திலிருந்து இரண்டு குத்து, நன்றாக இருக்கும் இடத்திலிருந்து ஒரு குத்து, வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். மருந்து அடிப்பதற்கு முன் கொண்டுவாருங்கள். வர முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

அந்தப் பெரியவரின் வயலில் புகைந்தது போக மிஞ்சியதை, தண்ணீர் வடித்து, எஞ்சிய பச்சைப் பகுதியின் அடியில் மட்டும் மருந்து அடித்துக் காப்பாற்றினோம். கிளம்பும்போது, எத்தனை மூட்டை விட்டார் என்பதை என்னிடம் குறைத்துச் சொல்லவே நினைத்து வந்ததாக ஒப்புக்கொண்டார். "அஞ்சுன்னுதாம்மா சொல்லலாம்னு வந்தேன், நீங்க சீட்ட வாங்கிப் பாத்துட்டீங்க." நீங்களும் சீட்டைக் கொண்டுவாருங்கள். நான் சத்தம் போடுவேன்தான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மூட்டைக் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். திங்களன்றும் வெள்ளியன்றும் பத்தரை மணிக்கு மேல் நான் வயலுக்குப் போய்விடுவேன். அதற்கு முன் வந்தால் இருப்பேன்.