ஜாப் ஒர்க்: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

திருப்பூரிலோ, கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமோ ஒருவரிடம் "என்ன தொழிலுங்க?" என்று கேட்டால் அடிக்கடி கிடைக்கிற பதில், "ஜாப் ஒர்க்குத்தானுங்க." வெளியூர்க்காரர் முழிப்பார். ஜாப் என்றாலும் வேலை, ஒர்க் என்றாலும் வேலை, அப்படியென்றால் இவர் என்னதான் செய்கிறார்? ஆனால் சொன்னவர் ரொம்பத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். சரக்கு என்னுடையது இல்லை, அடுத்தவர் கொடுத்தது, அதில் ஒரு வேலையை மட்டும் செய்து திருப்பிக் கொடுத்து அதற்கு ரேட் வாங்குகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனி நூலை வாங்கி நிட்டிங்குக்கு ஒருவரிடம் கொடுக்கும். துணியாக வந்ததும் அது டையிங்குக்கு வேறொருவரிடம் போகும், அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்கிக் கொடுப்பது), பிரிண்டிங், எம்பிராய்டரி, சில சமயம் தையல்கூட வெளியே என்று டெம்போவில் ஊரையே சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். இவ்வளவு கை மாறியும் துணிக்குச் சொந்தக்காரர் மட்டும் மாறுவதே இல்லை. கோவை லேத் பட்டறையிலும் இதே கதைதான். பம்ப் கம்பெனி வார்ப்பைக் கொடுக்கும், பட்டறைக்காரர் கடைந்து, துளை போட்டு, கிரைண்டிங் செய்து கொடுப்பார்.

சட்டமும் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 2(68) பிரிவுப்படி, பதிவு பெற்ற இன்னொருவருக்குச் சொந்தமான சரக்கின் மீது ஒருவர் செய்கிற எந்தச் செய்முறையும் ஜாப் ஒர்க்தான். அனுப்புகிறவர் வரி கட்டாமலே அனுப்பலாம் என்கிறது 143ஆம் பிரிவு. ஆனால் மூலப்பொருள் 1 ஆண்டுக்குள்ளும், மெஷின் போன்ற மூலதனப் பொருள் 3 ஆண்டுக்குள்ளும் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். அச்சு, டை, பொருளைப் பிடித்து வைக்கிற ஜிக் மாதிரியானவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் 'ஜாப் ஆஃப் ஒர்க்' என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒரு துண்டு வேலை, அதாவது எடுத்தோம் முடித்தோம் என்கிற வேலை, தொடர்ந்து பார்க்கிற வேலை இல்லை. அந்த ஜாப்புக்கு மூலம் எதுவென்று அகராதிக்காரர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கட்டி, உருண்டை என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லின் திரிபாக இருக்கலாம் என்பார்கள். காசுக்குச் செய்யும் வேலை என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில்தான் ஏறியது, நிலையான உத்தியோகம் என்பதெல்லாம் அதற்கும் பிந்தியது. இப்போது நம் வீடுகளில் "பையனுக்கு நல்ல ஜாப் கெடைச்சிருச்சு" என்றால் மாதச் சம்பளம் நிச்சயம் என்று அர்த்தம், பிறந்த பொருளுக்கு நேர் எதிர்! பட்டறைக்காரர்கள்தான் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறார்கள். கோர்ட் வாசலில் முன்பு தொங்கிய 'ஜாப் டைப்பிங்' பலகையும் அந்த வகைதான், காசுக்கு அடுத்தவர் காகிதத்தை டைப் அடித்துக் கொடுப்பது, கம்ப்யூட்டர் வந்ததும் அந்தத் தொழில் குறைந்துவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? 'வெளிமுகமை' என்று ஒரு சொல் அரசு அறிவிப்புகளில் வரும், அது ஏஜென்சி வழியாக ஆள் எடுப்பதற்கு. 'அயலாக்கம்' அவுட்சோர்சிங்குக்கு நல்ல சொல், ஆனால் அது வேலையை வெளியே அனுப்புகிறவர் பக்கம் நின்று பார்க்கிற சொல், வாங்கிச் செய்கிறவருக்குப் பொருந்தாது. புதிதாக எதையும் உருவாக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் பாவு நூலையும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளரிடம் வாங்கி நெய்து கொடுப்பதைக் 'கூலிக்கு நெசவு' என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் போராட்டம் நடத்துவதும் 'கூலி உயர்வு' கேட்டுத்தான். நம் கடலைக்காயைக் கொண்டுபோய்ச் செக்கில் கொடுத்து எண்ணெயாக வாங்கி வந்தால் அது 'கூலிக்கு ஆட்டுவது'. சரக்கு நம்முடையது, செக்கு அவருடையது. ஜிஎஸ்டி பிரிவு அத்தனை வார்த்தையில் சொன்னதை 'கூலிக்கு' என்ற ஒரே சொல் சொல்லிவிடுகிறது. பழைய சொல்லும்கூட, 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று 619ஆம் குறளிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் யாரும் போர்டில் எழுதுவதில்லை? கௌரவம்தான், வேறென்ன. பேங்க் லோன் போட்டு சிஎன்சி மெஷின் இறக்கி, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவரைக் கூலிக்காரர் என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கு அது புரிகிறது. ஆனால் இங்கிலீஷ் சொல் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மெஷின், கரண்ட் பில், வட்டி எல்லாம் இவர் தலையில், ரேட்டை முடிவு பண்ணுவது மட்டும் வேறு யாரோ. முன்பு அந்த வேறு யாரோ பக்கத்துத் தெருக் கம்பெனி முதலாளி, "ஏனுங்கண்ணா, கட்டுபடியாகாதுங்க" என்று நேரில் போய் நின்று பேசலாம். 2005 ஜனவரி 1ஆம் தேதி உலக ஜவுளி வணிகத்தில் ஒரு நாட்டிலிருந்து இவ்வளவுதான் வாங்கலாம் என்று இருந்த கோட்டா முறை முடிந்ததிலிருந்து பையர், அதாவது வெளிநாட்டில் வாங்குகிற கம்பெனி, எந்த நாட்டில் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், வங்கதேசத்து விலையைக் காட்டி இங்கே பேரம் பேசலாம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றபோது, பையர் எக்ஸ்போர்ட்டரிடம் தள்ளுபடி கேட்டால் எக்ஸ்போர்ட்டர் யாரிடம் கேட்பார்? சங்கிலியின் கடைசியில் நிற்கிறவருக்குத் திரும்பிக் கேட்க ஆளில்லை.

தகவல் போகிற வேகமும் இதில் சேர்ந்துகொண்டது. டிராயிங் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வருகிறது, அதே டிராயிங் அதே நிமிடத்தில் இன்னும் எத்தனை பட்டறைக்குப் போனது என்று தெரியாது. திருப்பூரில் துணியின் நிறத்தை மட்டும் போன் திரையில் நம்ப மாட்டார்கள், லேப் டிப் துண்டு, அதாவது மாதிரிக்குச் சாயம் போட்ட சின்னத் துணி, கூரியரில் போய் ஓகே ஆக வேண்டும், இல்லையென்றால் ஸ்பெக்ட்ரோ மெஷின் அளந்த எண்களாவது போக வேண்டும். மற்றதெல்லாம் மெசேஜில் நடக்கிறது, ராத்திரி பதினோரு மணிக்கும்!

கோவை சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளை இதில் சேர்க்கலாமா என்று கேட்டால், சட்டப்படி முடியாது, ஜாப் ஒர்க் என்பதற்குச் சரக்கு இருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரின் நிரலில் ஒரு துண்டை மட்டும் எழுதி அவரிடமே ஒப்படைப்பது, ஏஐக்குக் கற்றுக்கொடுக்கப் படத்தில் இது கார், இது ஆள் என்று பெட்டி போட்டுக் கொடுப்பது இதெல்லாம் அமைப்பில் அதேதான். அழுக்கு மட்டும் படாது.

நான் எழுதும்போது இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்: தொழிலுக்குக் கூலிப்பணி, இடத்துக்குக் கூலிப்பட்டறை, கூலித்தறி, செய்கிறவரைப் பட்டறைக்காரர், தறிக்காரர் என்றே. 'கூலிப்பணியாளர்' வேண்டாம், அது அங்கே ஷிப்டுக்கு வருகிறவரைக் குறித்துக் குழப்பும். பில்லிலும் சலானிலும் ஜாப் ஒர்க் என்றே இருக்கட்டும், ஆடிட்டரோடு யார் சண்டை போடுவது.