நூல் அறலாம், தோல் கிழியக் கூடாது: பழைய ஸ்பீடு பேக்கின் தையலைச் சீர்செய்யும் அறிவியல்

குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களில் வட்டமான மரப்பலகைக்கு அடியில் பேரிக்காய் வடிவில் ஒரு சிறிய தோல் பை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்பீடு பேக் என்று பெயர். ஒரு குத்து விழுந்ததும் அது பின்பக்கம் பலகையில் மோதி, திரும்பி வந்து முன்பக்கம் மோதி, மறுபடியும் பின்பக்கம் மோதிய பிறகே அடுத்த குத்தை வாங்குகிறது. நிமிடத்துக்கு 120 குத்துகள் என்று வைத்துக்கொண்டால், 3 நிமிடச் சுற்று ஒன்றில் 360 குத்துகளும் 1,080 பலகை மோதல்களும் அதன் மீது விழுகின்றன. வியாசர்பாடி, ராயபுரம் போன்ற வடசென்னைப் பகுதிகளில் மூத்த வீரரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வரும் பழைய பைகளில் தோல் இன்னும் திடமாக இருக்க, தையல் மட்டும் பிரிந்திருப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட பையைத் தூக்கி எறிவது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

தையல் ஏன் முதலில் போகிறது என்பதற்கு விடை, பையின் உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரில் அடைபட்டுள்ள காற்றில் இருக்கிறது. உள்ளிருக்கும் காற்று எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினாலும், அந்த அழுத்தம் தோலில் உண்டாக்கும் இழுவிசை எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை; பையின் ஆரம் எங்கே அதிகமோ அங்கே இழுவிசையும் அதிகம். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கோளம் ஒன்றில் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிட 20 கிலோபாஸ்கல் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சென்டிமீட்டர் தையலையும் சுமார் 10 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 1 கிலோ எடை, இரு பக்கமும் பிரித்து இழுக்கிறது. பை சும்மா தொங்கும்போதே இவ்வளவு. குத்து விழும் கணத்தில் பை நசுங்கி, உள்ளழுத்தம் ஏறி, இந்த விசையும் கூடுகிறது. தையல்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால், பை பருத்திருக்கும் வயிற்றுப் பகுதியில்தான் வழக்கமாக முதலில் வாய் பிளக்கின்றன.

இதோடு சென்னையின் ஈரக்காற்றும் வியர்வையும் சேர்கின்றன. பருத்தி நூலும் லினன் நூலும் செல்லுலோஸால் ஆனவை. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அவை உள்ளுக்குள் மக்கி, பார்வைக்கு முழுதாக இருந்தபடியே வலுவிழந்துவிடும். பாலியெஸ்டர் நூலுக்கு இந்தக் குறை இல்லை.

அதற்காகக் கடையில் கிடைக்கும் நூல்களிலேயே மிக வலுவானதை வாங்கிவிடக் கூடாது. மெல்லிய, வலுமிக்க நைலான் இழை தோலின் துளைக்குள் கம்பிபோல் வேலை செய்து, ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலை அறுக்கும். அறுந்த நூலை மறுபடியும் கோக்கலாம். ஆனால் துளைகளுக்கு இடையே கிழிந்த தோலைப் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே, தோல் தாங்கும் எல்லைக்குச் சற்று முன்பாகவே அறும் நூல்தான் நல்ல நூல். பழைய நூலின் தடிமனுக்கு இணையான, முறுக்கிய, தேன்மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூலே என் தேர்வு. இதே காரணத்தால் புதிய துளைகளும் போடக் கூடாது. பழைய துளைகளுக்கு நடுவே புதிதாகக் குத்தினால், தபால் தலைகளைப் பிரிக்கும் துளை வரிசைபோல அந்தக் கோடே கிழிவதற்கு வழியாகிவிடும்.

பையைத் தைப்பதற்கு முன், கயிறு கட்டிய வாயைத் திறந்து பிளாடரை எடுத்துவிட்டு, பையை உள்வெளியாகப் புரட்ட வேண்டும். அப்போது உள்ளே மடிந்திருந்த தையல் விளிம்புகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால், ஊசி இரு பக்கமும் எளிதாகப் போய்வரும். ஆனால் காய்ந்த தோலை அப்படியே புரட்டினால் வெடிக்கும். தோலின் கொலாஜன் இழைகளுக்கு இடையே இருந்த எண்ணெய் வற்றியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழுக்க மறுப்பதே இதற்குக் காரணம். தோல் கண்டிஷனரை மிகக் குறைவாகத் தடவி ஓர் இரவு விட்டால் போதும். அதிகமானால் தோல் தளர்ந்து பையின் வடிவமே கெடும். வெந்நீரும் சூடான காற்றும் வேண்டவே வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் கொலாஜன் சுருங்கிவிடும், அது திரும்பாது. இந்த ஆபத்து குரோம் உப்பால் பதனிட்ட தோலைவிட ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலுக்கே அதிகம். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் பதனிடும் தொழிற்சாலையால்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம். வெட்டுவிளிம்பு நீலச் சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் குரோம் தோல். பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டதாக இருக்கலாம்.

இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே கொக்கி போட்டுக்கொள்கின்றன; ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த பிடிகளும் தளரும். சேணத் தையலிலோ ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துகிறோம். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக நூல் எடுத்து, பிரிந்த இடத்துக்கு மூன்று துளைகள் முன்பே, நல்ல தையலின் மேலேயே தொடங்கி, மூன்று துளைகள் தாண்டி முடிக்க வேண்டும். குத்தூசி பழைய துளையைத் திறக்க மட்டுமே; அகலப்படுத்த அல்ல.

முடிச்சு தேவையில்லை. காசிமேட்டில் படகின் கயிற்றைக் கம்பத்தில் ஓரிரு சுற்றுச் சுற்றி ஒற்றைக் கையால் ஒருவர் பிடித்து நிற்பதைக் கவனியுங்கள். கயிறும் கம்பமும் எவ்வளவு உரசிப் பிடிக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணான உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு அந்தக் கை இழுக்கும் விசையைப்போல் ஏறக்குறைய 6.6 மடங்கு விசையையும், இரண்டு சுற்றுக்கு 40 மடங்குக்கு மேலும் அந்தக் கயிறு தாங்கும். தைத்த வழியே மூன்று துளைகள் திரும்பிவரும் நூலையும் இந்த உராய்வே பிடித்துக்கொள்கிறது. தேன்மெழுகின் பிசுக்கு அந்தப் பிடியை மேலும் இறுக்குகிறது. முடிச்சு போட்டால் அது பிளாடரை உரசும். பாலியெஸ்டர் நுனியை நெருப்பில் உருக்கினால் உண்டாகும் கெட்டி மணி அதைவிட மோசம். ஆகவே நுனியை ஒட்ட நறுக்கி, விளிம்புகளுக்கு இடையே செருகிவிட வேண்டும்.

பையை நேராகப் புரட்டி, பிளாடரில் முகப்பவுடர் தூவி உள்ளே வைத்து, முதலில் பாதிக் காற்று மட்டும் அடித்து, அரை நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். விளிம்புகளுக்கு நடுவே நூல் கண்ணுக்குத் தெரிந்தால் தையல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே பையைக் குத்திப் பயிற்சி செய்தால் அந்த நூல் பலகையில் நேரடியாக உரசும். பிரித்து மறுபடியும் தைப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.