ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்டோர்ஷன்: குறை பாகத்தில் இல்லை, முடிச்சில்

போன மாதம் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி, ஹட்டனில் உள்ள என் பட்டறைக்கு, கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டியான ஒரு பெடலைக் கொண்டு வந்தார். தேவாலய இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். தானே செய்த பெட்டி. உள்ளே ஒரு டியூப் ஸ்க்ரீமர் சுற்று, ஒரு பிக் மஃப் சுற்று, இரண்டும் பக்கம் பக்கமாக. இரண்டுமே அலையின் முனையை வெட்டி ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் சுற்றுகள்.

"ஒன்னோட வொலியூமைக் குறைச்சா ரெண்டுமே செத்துப் போகுது அண்ணே" என்றார்.

ஏற்கெனவே வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். டியூப் ஸ்க்ரீமரின் ஐசி (சில்லு) போய்விட்டது என்று மாற்றி, காசு வாங்கி, பழையதைத் தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். குறை அப்படியே இருந்தது. பிறகு ரயிலேறிக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிரான்சிஸ்டர் வாங்கி வந்து பிக் மஃப்பின் நாலையும் மாற்றியிருக்கிறார். அப்போதும் அதே கதை.

திறந்து பார்த்தேன். ஈயம் வைத்த விதம் நன்றாகவே இருந்தது. இரண்டு வொலியூம் பொட்டின் (திருகும் ரெசிஸ்டரின்) நடுக்கால்களையும் ஒரே வயரில் முறுக்கி அவுட்புட் ஜேக்கில் பற்றவைத்திருந்தார். அந்த முடிச்சுதான் நோய்.

வொலியூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பும்போது நடுக்கால் எர்த்தோடு சேர்கிறது. இரண்டு நடுக்கால்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், மற்றச் சுற்றின் ஒலியும் அதே வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். பாதியில் வைத்தாலும் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தோட்டத்து லய வீடுகளில் ஒரே குழாயில் கீழ்வீட்டில் திறந்தால் மேல்வீட்டில் தண்ணீர் நூலாவது மாதிரி. இப்படி வரும் பெட்டிகளில் பாகத்தை மாற்றிக் காசைக் கரைக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சின்னக் காசு இல்லை.

தீர்வு, இரண்டு ஒலியையும் சேர்க்கும் ஒரு மிக்ஸர். ஒவ்வொரு நடுக்காலிலிருந்தும் தனித்தனியாக 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, இரண்டையும் ஒரு ஓப்அம்ப்பின் (ஐசிக்குள் இருக்கும் பெருக்கிச் சுற்றின்) மைனஸ் காலில் சேர்க்க வேண்டும். அந்த ஓப்அம்ப்பின் அவுட்புட்டிலிருந்து அதே காலுக்கு இன்னொரு 100 கிலோ ஓம். பிளஸ் கால் 4.5 வோல்ட்டில் நிற்க வேண்டும். 9 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பாதியாக்கி, ஒரு 47 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரை எர்த்துக்குப் போட்டால் அது கிடைக்கும். உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் டிசி (நேரோட்ட) மின்சாரத்தைத் தடுக்கக் கப்பாசிட்டர் வையுங்கள். இப்போது ஒரு வொலியூமை மூடினாலும் மற்றது அசையாது.

உள்ளே நுழையும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிட்டார் பிக்கப் பலவீனமான ஊற்று. இரண்டு சுற்றும் சேர்ந்து அதை உறிஞ்சினால் மேல்சுருதியின் பளபளப்பு போய்விடும். முன்னால், பிக்கப்பை உறிஞ்சாமல் ஒலியைத் தாங்கிக் கொடுக்கும் ஒரு பஃபர் வைத்து, அதிலிருந்து இரண்டுக்கும் பிரியுங்கள். டிஎல்072 ஐசியில் இரண்டு ஓப்அம்ப் இருப்பதால் ஒன்று பஃபர், மற்றது மிக்ஸர்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இணையாக வைக்க வேண்டும்? தொடராக வைத்தால் முதல் சுற்று வெட்டிய அலையை இரண்டாவது மறுபடி வெட்டும். கோர்ட் அடித்தால் குழம்பிப் போகும். இணையாக வைத்தால் இரண்டின் குணமும் தனியாகக் கேட்கும். டியூப் ஸ்க்ரீமர் 720 ஹெர்ட்ஸ் அளவில் மேடாக நிற்கும். பிக் மஃப்போ 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குழிந்து போகும். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தை நிரப்பும். அந்தத் தம்பி தேர்ந்தெடுத்த ஜோடி அருமையானது, அதை அவரிடமே சொன்னேன்.

இன்னொரு பொறி: அலை தலைகீழாவது. பிக் மஃப்பில் நாலு டிரான்சிஸ்டர், நாலு முறை கவிழ்ந்து அலை மறுபடி நேராகிறது. டியூப் ஸ்க்ரீமர் கவிழ்ப்பதே இல்லை. ஆகவே இரண்டும் சேரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கவிழ்க்கும் சுற்றை இதில் சேர்த்தால் அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கோப் (அலையைக் காட்டும் கருவி) தேவையில்லை. டிஸ்டோர்ஷன் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிரைவைக் குறைத்து, இரண்டு வொலியூமையும் சமமாக்கி, ஆறாவது கம்பியைத் தட்டுங்கள். இரண்டும் சேர்ந்தபோது ஒலி மெலிந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் கவிழ்க்கும் ஓப்அம்ப் ஒன்று போட வேண்டும்.

பழைய ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்ஸை (இன்னொரு வகை டிஸ்டோர்ஷனை) இந்தப் பெட்டிக்குள் கொண்டு வராதீர்கள். அதில் எர்த் பிளஸ் பக்கம். மைனஸ் எர்த் சுற்றோடு ஒரே அடப்டரில் கொடுத்தால் நேரே ஷார்ட்.

சரி, இரைச்சல். மலிவு அடப்டரின் 100 ஹெர்ட்ஸ் முனகல் டிஸ்டோர்ஷனில் பல மடங்காகும். அதைப் போக்க அம்ப்பின் எர்த் வயரை வெட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் கழன்றால் 230 வோல்ட் கிட்டார் கம்பி வரைக்கும் வரும். கை அதன் மேல்தான் இருக்கும், உதடு மைக்கில் இருக்கும். நல்ல அடப்டர் வாங்குங்கள், அல்லது பேட்டரியில் வாசியுங்கள்.

நம்ம ஊர்ப் பனிக்கு ஒரு வார்த்தை: பற்றவைத்த பின், ஈயத்தோடு வரும் பசையான ஃப்ளக்ஸைத் துடைத்துவிடுங்கள். ஈரம் பிடித்தால் அது கரகரக்கும்.

தம்பியின் பெட்டிக்கு வருவோம். என்னிடம் அன்றைக்கு டிஎல்072 இல்லை. அவர் சட்டைப் பையில் அந்தத் தாள் சுருள் இருந்தது. பிரித்து, சொக்கட்டில் போட்டுப் பார்த்தேன். கெட்டுப்போனது என்று கழற்றிய அதே 4558 ஐசி. டிஎல்072க்கும் இதற்கும் கால் வரிசை ஒன்றுதான். இப்போது அந்தப் பெடலின் பஃபரும் மிக்ஸரும் அதுதான்.